அப்பாவின் அறுபதுக்கு டோக்கியோவில் கைசெக்கி விருந்து: எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் சுத்த சைவம். எப்படிப் பதிவு செய்வது?

கேட்டவர்: சுமிதா_ஓரம்

வணக்கம். அப்பா 1966 நவம்பரில் பிறந்தவர். இந்த 2026 நவம்பரில் அவருக்கு அறுபது முடிகிறது. அப்போது எல்லோரும் டோக்கியோ வருகிறார்கள். ஹோமம், மாலை மாற்றுவது எல்லாம் ஊரில் தனியாக நடக்கும். இங்கே ஒரு வேளையாவது முறையான ஜப்பானிய உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

மொத்தம் எட்டுப் பேர். அப்பா, அம்மா, பாட்டி (82 வயது, முட்டிவலி), அண்ணன், அண்ணி, அவர்கள் பையன் (6 வயது), நாங்கள் இருவர். அம்மாவும் பாட்டியும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பால், வெங்காயம் பரவாயில்லை. மற்றவர்கள் மீன் சாப்பிடுவோம். செலவு 85,000 யென்னுக்குள் இருந்தால் நல்லது.

என் கேள்விகள்:
1. இரண்டு தரப்புக்கும் ஒரே மேசையில் கைசெக்கி (சின்னச் சின்னத் தட்டுகளாக வரிசையாக வரும் ஜப்பானிய விருந்து) கிடைக்குமா?
2. பாட்டியால் தரையில் உட்கார முடியாது. உணவகத்தில் என்ன கேட்க வேண்டும்?
3. ஜப்பானியர் அறுபதுக்கு விசேஷமாக என்ன பரிமாறுவார்கள்?
4. நவம்பர் 15 ஞாயிறு மதியம் என்று நினைத்திருக்கிறேன். சரிதானா?

தாஷி_துரை

கிடைக்கும். ஆனா 'வெஜிடேரியன்'ங்கிற ஒரே சொல்லை நம்பிப் பதிவு பண்ணிடாதீங்க. அதைக் கேட்டதும் சமையல்கட்டுக்குப் புரியறது, தட்டுல கறித்துண்டும் மீன்துண்டும் கண்ணுல படக்கூடாதுங்கிறதுதான். தாஷிங்கிற அடிப்படைச் சாறை அவங்க மீன் கணக்குல சேர்க்கறதே இல்லை. நம்ம சமையலுக்குப் புளித்தண்ணி மாதிரி அவங்களுக்கு அது. எல்லாத்துக்கும் அடியில அதுதான் இருக்கும். வழக்கமான தாஷின்னா கொம்பு கடற்பாசியும், புகைபோட்டுக் காயவெச்சுச் சீவின கட்சுவோ மீனும் சேர்ந்தது.

கைசெக்கியில அது ஒளிஞ்சிருக்கிற இடங்கள்: தெளிவான சூப், மிசோங்கிற புளிச்ச சோயா விழுதுல செய்யற சூப் ரெண்டுமே தாஷி. வேகவெச்ச முள்ளங்கி, சேப்பங்கிழங்கு, பூசணி எல்லாம் அதுலயே ஊறினது. கீரையைப் பார்த்தா வெறும் கீரை மாதிரி இருக்கும், ஆனா ஓஹிதாஷின்னு தாஷியில நனைச்சுத்தான் வைப்பாங்க. தெம்புராவுக்கு (மாவுல தோய்ச்சுப் பொரிச்சது) வர்ற தொட்டுக்கை, பொன்ஸுங்கிற புளிப்புச் சாஸ், தோசாஸுங்கிற காடிக்கலவை, கலந்த சாதம், கடைசியில வர்ற ஊறுகாய்ல சிலது, எல்லாத்துலயும் சந்தேகம் உண்டு. முட்டை கூடாதுன்னா தெம்புரா மாவையும் கேளுங்க. அப்புறம் கத்திரிக்காய், முள்ளங்கி மேல தடவற இனிப்பு மிசோ. தாமா மிசோன்னா அதுல மஞ்சக்கரு கிண்டியிருப்பாங்க. கடைசி இனிப்புல ஜெலட்டின் இருந்தாலும் இருக்கும். கந்தென் போட்டதுன்னா கடற்பாசி, கவலையில்லை.

அதனால சொல்ல வேண்டியதை இப்படியே சொல்லுங்க, இல்லைன்னா பதிவுப் படிவத்துல கோரிக்கைப் பெட்டியில எழுதுங்க:

"நிகு, சக்கனா, தமாகோ வா தபெமசென். கட்சுவோ நோ தாஷி மோ தபெராரெமசென். கொம்பு தோ ஷீதாகே நோ தாஷி நரா தைஜோபு தெசு."

கறி, மீன், முட்டை சாப்பிட மாட்டாங்க. கட்சுவோ தாஷியும் ஆகாது. கொம்பு, ஷீதாகே காளான் தாஷின்னா சரிங்கிறது இதோட பொருள். மூணாவது வாக்கியம்தான் முக்கியம். எது கூடாதுன்னு மட்டும் சொன்னா சமையல்காரர் கைகட்டி நிப்பார். எது கூடும்னு சொன்னாத்தான் அவருக்கு வழி தெரியும். கொம்பு-ஷீதாகே தாஷி அவங்களுக்குப் புதுசு இல்லை, கோயில் சமையல்ல காலங்காலமா இருக்கறதுதான்.

குறைஞ்சது ஒரு வாரம் முன்னாடி சொல்லணும், அதுக்குக் காரணம் இருக்கு. அன்னிக்கு வேண்டிய தாஷியைக் காலையிலேயே மொத்தமா எடுத்துடுவாங்க. சாறு உள்ளே இறங்கட்டும்னு சில காய்களை முதல் நாளே வேகவெச்சு ஆறவிடுவாங்க. மேசையில உட்கார்ந்த பிறகு "மீன் தாஷி வேண்டாம்"னு சொன்னா, அவங்க கையில மிச்சம் இருக்கறது வெறும் சாதம், பச்சைக்காய், உப்பு. ரெண்டு பேருக்காகத் தனியா ஒரு பாத்திரம் ஏத்தணும்கிறதால சில கடைகள் கூடுதல் காசு கேக்கும், சில கடைகள் முடியாதுன்னுடும். முடியாதுங்கறவங்க நாணயமானவங்க. யோசிக்காம உடனே "பார்த்துக்கலாம்"னு சொல்ற கடையைத்தான் இன்னொரு தடவை, தாஷின்னு பேர் சொல்லிக் கேக்கணும்.

இறால் பொரிச்ச எண்ணெயிலயே காயும் பொரிப்பாங்க. பாட்டிக்கு அது ஆகாதுன்னா பொரிச்சதுக்குப் பதிலா வேற ஐட்டம் கேளுங்க. எள்ளுல செஞ்ச கோமா தோஃபு, யூபாங்கிற சோயாப்பால் ஆடை, நமாஃபுங்கிற கோதுமைப் பசைப் பண்டம் இதெல்லாம் சைவத்துல நல்லா அமையும். நவம்பர்ல டர்னிப், கிங்கோ கொட்டை, காளான், யூஸுங்கிற எலுமிச்சை வகை எல்லாம் வர்ற பருவம், அதனால சைவத் தட்டு இளைச்சுப் போகாது. மூணு நாள் முன்னாடி ஒரு தடவை போன் பண்ணி எல்லாத்தையும் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணிக்குங்க. போன்ல பேசினவரும் அன்னிக்கு அடுப்படியில நிக்கிறவரும் வேற வேற ஆளா இருப்பாங்க.

மாடிப்படி

4-வது கேள்விக்கு: வேண்டாம். நவம்பர் 15 ஷிச்சி-கோ-சான். மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கிமோனோ போட்டுக் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டு, தாத்தா பாட்டியோடு நேராக ஜப்பானிய உணவகத்துக்குத்தான் வருவார்கள். இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையே வருகிறது. தனி அறைகள்தான் முதலில் தீரும். 21, 22, 23 தொடர் விடுமுறை. 23 திங்கள் தொழிலாளர் நன்றி நாள், இலை சிவக்கும் காலம் வேறு. வாரநாள் மதியம் கிடைத்தால் அதுதான் நிம்மதி. ஜப்பானிய நாள்காட்டியில் 'தாயான்' என்று போட்டிருக்கும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் முகூர்த்த நாள் மாதிரி. கல்யாணம், சம்பந்தி சந்திப்பு எல்லாம் அன்றைக்குத்தான் குவியும். தாயானும் வார இறுதியும் சேர்ந்தால் இரண்டு மாதம் முன்பே போய்விடும்.

இருக்கை. 'கோஷிட்சு' என்றால் தனி அறை. 'ஹான்-கோஷிட்சு' என்று சின்னதாக எழுதியிருந்தால் பாதி அறைதான், மூங்கில் தட்டியோ திரையோ போட்டிருப்பார்கள், பக்கத்து மேசைச் சத்தம் அப்படியே கேட்கும். அறைக்குள் மூன்று விதம் உண்டு. ஸாஷிகி என்றால் தாதாமிப் பாயில் சம்மணம். ஹோரிகொதாட்சு என்றால் மேசைக்கு அடியில் பள்ளம் வெட்டிக் கால் தொங்கப்போடுவது. மூன்றாவது இசு-செகி, நாற்காலி. உங்கள் பாட்டிக்கு மூன்றாவது மட்டும்தான். கால் தொங்கப்போடலாமே என்று ஹோரிகொதாட்சுவைச் சிபாரிசு செய்வார்கள், ஏமாறாதீர்கள். அதில் உட்காரத் தரைமட்டம் வரை இறங்க வேண்டும். இறங்குவதைவிட எழுவது கஷ்டம், பிடித்து எழக் கைப்பிடியும் இருக்காது. தாதாமி அறையிலேயே குட்டைக்கால் நாற்காலியும் மேசையும் போட்டுத் தருகிற இடங்கள் நிறைய உண்டு. "கோஷிட்சு தே, இசு-செகி ஓ ஓனெகாய் ஷிமாசு" என்று கேளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும் இடத்தில் படி எத்தனை, கழிவறை அதே மாடியில் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். தாதாமியில் வெறுங்காலோடு நடப்பது வழக்கமில்லை, எல்லோரும் காலுறை போட்டு வரட்டும்.

அறைக்குள் தொகொனொமா என்று ஒரு மாடம் இருக்கும், படச்சுருளும் பூவும் வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால், வாசலிலிருந்து தள்ளி இருக்கும் இடம்தான் மேலிடம். அங்கே அப்பாவை உட்கார வையுங்கள். பாட்டி இருக்கும்போது அவரை விட்டுவிட்டு அப்பாவா என்றால், விழா யாருக்கோ அவருக்குத்தான் அந்த இடம், பாட்டி பக்கத்தில்.

கணக்கு. ஆளுக்கு வரி சேர்த்து 8,800 யென் மதியக் கோர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பல கைசெக்கி இடங்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் உண்டு. ஆக 9,680. ஏழு பேருக்கு 67,760. பையனுக்குச் சிறுவர் தட்டு 3,300 என்றால் சேவையோடு 3,630. மொத்தம் 71,390. அறை வாடகை 5,500 கேட்டால் 76,890. மிச்சம் எட்டாயிரம் சொச்சத்தில் ஆளுக்கொரு பானம் வரும். இதே கடை இரவில் இரண்டு மடங்கு கேட்கும், அதனால் மதியம் என்று நீங்கள் முடிவு செய்தது சரி. விலைப்பட்டியலில் வரியும் சேவையும் தனி என்று போட்டிருந்தால் போட்ட விலையை 1.21-ஆல் பெருக்குங்கள், சேவைக் கட்டணத்துக்கும் வரி உண்டு. டிப்ஸ் கிடையாது. கொடுத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

ரத்து விதியையும் படியுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் ஆள் குறைந்தாலும் முழுக் காசு கேட்கும் கடைகள் உண்டு.

செங்கீரை

மூணாவது கேள்விக்கு வர்றேன், அதுதான் எனக்குப் பிடிச்ச இடம்.

அறுபதுக்கு அங்கே கான்ரெக்கின்னு பேர். 'நாள்காட்டி திரும்பி வருது'ங்கிற அர்த்தம். வருஷங்களுக்குப் பத்துத் 'தண்டு'ன்னு ஒரு வரிசை, பன்னிரண்டு விலங்குன்னு ஒரு வரிசை, ரெண்டும் சேர்ந்து சுத்தி அறுபது வருஷத்துல தொடங்கின இடத்துக்கே வரும். நமக்குப் பிரபவ முதல் அட்சய வரைக்கும் அறுபது இல்லையா, அதே கணக்கு. உங்க அப்பா பிறந்தது பராபவ வருஷம், இந்த சித்திரையில இருந்து நடக்கறதும் பராபவதான். ஜப்பான் கணக்குல 1966-ம் 2026-ம் ஹினோஎ-உமா, நெருப்புக்குதிரை. அந்த வருஷம் பிறக்கற பொண்ணுக்குக் கணவன் நிலைக்க மாட்டான்னு ஒரு மூடநம்பிக்கை இருந்ததால 1966-ல ஜப்பான்ல பிறப்பு எண்ணிக்கையே சரிஞ்சுபோச்சு. அதனால பரிமாற வர்ற அம்மாகிட்ட வருஷத்தைச் சொன்னீங்கன்னா ஒரு சிரிப்பு நிச்சயம்.

சுற்று முடிஞ்சு மறுபடி குழந்தையாப் பிறக்கறதா ஐதீகம். அதனாலதான் சிவப்பு: சிவப்புத் தொப்பி, கையில்லாத பஞ்சு வெச்ச சிவப்பு மேல்சட்டை. அதுக்கு ச்சான்ச்சான்கோன்னு பேர். ஹோட்டல்கள்ல இருக்கற ஜப்பானிய உணவகங்கள் 'கான்ரெக்கி' பேக்கேஜ்னே போட்டு இதை இரவல் தருவாங்க, படமும் எடுத்துத் தருவாங்க. தனிக் கடைன்னா நீங்களே வாங்கிட்டுப் போகணும். இந்தக் காலத்துல அறுபதுல இதைப் போட்டுக்கக் கூச்சப்படறவங்கதான் அதிகம். சிவப்பு சால்வையோ டையோ போதும். எழுபத்தேழு வந்தா ஊதா, எண்பத்தெட்டு வந்தா மஞ்சள் பொன்னிறம்னு வரிசையா இருக்கு.

சாப்பாட்டுல கேட்க வேண்டியது ரெண்டு.

ஒண்ணு செகிஹான், சிவப்புச் சாதம். அஸுகிப் பயறை வேகவெச்சு, அந்தச் சிவப்புத் தண்ணியில ஒட்டரிசியை ஊறப்போட்டு ஆவியில வேகவெப்பாங்க. மேல கறுப்பு எள்ளும் உப்பும். டோக்கியோ பக்கம் அஸுகிக்குப் பதிலா சசாகேங்கிற தட்டைப்பயறு இனத்தைப் போடறது வழக்கம். அஸுகி வேகும்போது வயிறு வெடிக்கும், சாமுராய் ஊர்ல அது வயிறு கிழிக்கறதை ஞாபகப்படுத்தும்னு ஒதுக்கினாங்களாம். தாஷி வேண்டாத பண்டம், அதனால அம்மாவும் பாட்டியும் அப்பாவோட சேர்ந்து சாப்பிடக்கூடிய விசேஷச் சாதம் இதுதான். தாஷியோ சாக்கேங்கிற அரிசி மதுவோ சேர்க்கறாங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க. எட்டுப் பேருக்கும் கடைசிச் சாதமா இதையே வைக்கச் சொல்லலாம்.

ரெண்டாவது தாய் மீன். 'தாய்'ங்கிறது ஒரு கடல் மீனோட ஜப்பானியப் பேர். பேரைக் கேட்டு அம்மா பதறாம இருக்க முதல்லயே சொல்லி வெச்சுடுங்க. 'மெதெதாய்'னா மங்களம், அந்தச் சொல்லோட வால் இந்த மீன்ல இருக்கறதால விசேஷத்துக்கு இது. தலையும் வாலும் முழுசா இருக்கறதுக்கு ஒகாஷிராட்சுகின்னு பேர். உப்புப் போட்டுச் சுடுவாங்க. துடுப்புலயும் வால்லயும் வெள்ளையாச் சுண்ணாம்பு பூசின மாதிரி உப்பு அப்பியிருக்கும், அது கருகாம இருக்கறதுக்கு. அதைச் சாப்பிடறதில்லை. தட்டுல தலை இடப்பக்கம் இருக்கும். மேல்பக்கச் சதையைத் தின்னு முடிச்சதும் மீனைப் புரட்டக் கூடாது, நடுமுள்ளைத் தூக்கி ஓரமா வெச்சுட்டுக் கீழ்ப்பக்கத்தை எடுக்கணும். கோர்ஸோட விலையில இது வராது, தனியாச் சொல்லணும், நாலஞ்சு நாள் முன்னாடியாவது. ஆறு பேர் சாப்பிட ஒரு கிலோ அளவு மீன் ஒண்ணு போதும், மத்த ஐட்டமும் இருக்கே. மிச்சத்தைக் கட்டித் தரச் சொன்னாப் பல கடைகள் சம்மதிக்காது, கெட்டுப்போனா அவங்க தலையில விடியும்.

முழு மீன் மேசை நடுவுல வந்து தலையோட பார்க்கும். பாட்டிக்கு அது சங்கடம்னா, அப்பா பக்கத்துல வெச்சுக் காட்டிட்டு உள்ளே கொண்டுபோய்ப் பிரிச்சுத் தாங்கன்னு சொல்லலாம், செய்வாங்க.

சுமிதா_ஓரம் (கேட்டவர்)

அருமை, மூவருக்கும் நன்றி. 15-ஐ விட்டுவிட்டேன், 12 வியாழன் மதியம் பார்க்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். பாட்டி சர்க்கரை மாத்திரை போடுபவர், சாதம் எப்போது வரும்? ஒரே தலைவலியாக இருக்கிறதே, பேசாமல் எல்லோருக்கும் ஷோஜின் (கோயில் சைவச் சமையல்) என்று முடித்துவிட்டால் என்ன?

கல்தொட்டி

ஷோஜின் ரியோரிக்கே என் ஓட்டு. புத்த மடத்துச் சமையல். கறி, மீன் மட்டுமில்லை, வெங்காயம், பூண்டு வகைகளும் கிடையாது. தாஷியும் கொம்பும் ஷீதாகேயும்தான். எட்டுப் பேர் தட்டிலும் ஒரே பண்டம், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற விசாரணை இல்லை. கியோட்டோவுக்கும் போகிற திட்டம் இருந்தால் தென்ரியூ-ஜி கோயிலுக்குள் இருக்கும் ஷிகெட்சு இதற்கே பேர்போனது. ஆனால் அங்கே தாதாமியில் உட்கார்ந்து தட்டில் சாப்பிடுவது வழக்கம், பாட்டிக்காக முன்கூட்டியே கேட்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 'ஷோஜின்' என்று பெயர் வைத்து, கோயில் அல்லாத உணவகங்கள் நடத்தும் கோர்ஸில் கட்சுவோ தாஷி இருப்பது உண்டு. அங்கேயும் துரை எழுதிய வாக்கியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தாஷி_துரை

கல்தொட்டி சொல்றது சுலபமான வழி, மறுக்கலை. ஆனா விழா அப்பாவுக்கு. மீன் சாப்பிடறவரை அறுபதாவது நாள்ல கோயில் சமையலுக்குக் கூட்டிட்டுப் போனா அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். ஆறு பேருக்குக் கைசெக்கி, ரெண்டு பேருக்கு கொம்பு தாஷியில சைவத் தட்டு, எல்லாருக்கும் செகிஹான். அதையே முயற்சி பண்ணுங்க. கிடைக்காட்டி ஷோஜின்.

சாதம் பற்றி நல்ல கேள்வி. விருந்துக் கைசெக்கியில சாதம், மிசோ சூப், ஊறுகாய் மூணும் கடைசியிலதான், இனிப்புக்கு முன்னாடி. சின்ன ஐட்டம், சூப், சஷிமிங்கிற பச்சை மீன், சுட்டது, வேகவெச்சது, பொரிச்சதுன்னு எட்டு ஒன்பது தடவை தட்டு வரும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பத்துப் பதினஞ்சு நிமிஷம். சாதம் வர ஒன்றரை மணி நேரம் ஆயிடும். அதுவரைக்கும் வயித்துக்குள்ள போறது காயும் டோஃபுவும்தான், மாவுச்சத்து ரொம்பக் குறைச்சல். சாப்பாட்டுக்கு முன்னாடி போடற மாத்திரையை வழக்கம்போல உட்கார்ந்ததும் போட்டா சர்க்கரை இறங்கிடலாம். எந்த நேரத்துல போடணும்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க. கடைக்கு ஒரு வரி: "கோஹான் ஓ சாகி நி ஓனெகாய் ஷிமாசு", சாதத்தை முதல்லயே தாங்கன்னு. செகிஹானை ரெண்டாவது மூணாவது தட்டோடயே பாட்டிக்கு மட்டும் கொண்டுவந்துடுவாங்க. நம்மூர்ப் பெரியவங்களுக்குச் சாதம் இல்லாம ஒன்றரை மணி நேரம் கொறிச்சுக்கிட்டு உட்கார்றதும் தண்டனைதான்.

மாடிப்படி

12 வியாழன் நல்ல தேர்வு. ஆறு வயதுப் பையனுக்கு இரண்டு மணி நேரம் நீளம், ஒரு படம் வரையும் புத்தகம் கொண்டுபோங்கள். பதிவு செய்யும்போதே அவன் வயதைச் சொல்லுங்கள், பத்து வயதுக்குள் பிள்ளைகளை அனுமதிக்காத கடைகளும் உண்டு, தனி அறை என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பச்சை மீன் தட்டில் வஸாபி என்ற காரமான பச்சை விழுது இல்லாமல் வேண்டுமென்றால் "சாபி-நுகி".

செங்கீரை

மேசையில ஒண்ணு மட்டும் எல்லார்கிட்டயும் முன்கூட்டியே சொல்லிடுங்க, பலபேர் தடுமாறற இடம். மூடி போட்ட அரக்குக் கிண்ணத்துல சூப் வரும். உள்ளே ஆவி குளிர்ந்து இறுகிப்போய் மூடி கிளம்பாது. இழுத்தா முழுச் சூப்பும் மடியில. இடது கையால கிண்ணத்தோட வாய்ப்பக்கத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு லேசா அமுக்குங்க, 'புஸ்'ஸுன்னு காத்து உள்ளே போகும், மூடி தானா வரும். மூடியை உடனே தூக்காம கிண்ணத்து மேலயே கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, ஒட்டியிருக்கிற தண்ணி உள்ளேயே சொட்டிடும். அப்புறம் மல்லாத்தி வலப்பக்கம் வைக்கணும். குடிச்சு முடிச்சதும் வந்த மாதிரியே மூடிடுங்க. முடிஞ்சதுன்னு காட்ட மூடியைத் தலைகீழாக் கவுத்து வைக்கிறவங்க இருக்காங்க, அரக்குல கீறல் விழும். அம்மா, பாட்டி கையில கல் மோதிரம் இருந்தா அந்த ஒரு வேளைக்குக் கழட்டிப் பையில போட்டுக்கட்டும், அதே காரணம்தான்.